சூசையப்பரின் கை

1974 மார்ச் 4, திங்கள். காலை 9.20. கோயிலில் பல்பு எட்டு, எரிவது மூன்று.

எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்தவன் என்பதால் பங்குச் சாமியார் ஓசி வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார். 19-ஆம் தேதி சூசையப்பர் திருநாள். அன்றுதான் அண்ணன் மகளுக்கு ஞானஸ்நானம். அதற்குள் வயரிங் முழுக்க மாற்ற வேண்டும்.

பக்கச் சுவரில் திருக்குடும்பப் படம். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய ஓவியம் ஒன்றின் நகலாம். தாயும் குழந்தையும் பளிச்சென்று. குழந்தையின் வளர்ப்புத் தகப்பன் சூசையப்பர் கீழ்மூலை இருட்டில், பாதி முகம் மட்டும். "இருட்டை வச்சு வெளிச்சத்தைக் காட்டறது அந்தக் காலத்து பாணிப்பா" என்றார் சாமியார். அடியில் ஒரு தட்டு. பிள்ளைத்தாய்ச்சிகள் சுகப்பிரசவத்துக்கு மெழுகுவத்தி ஏற்றுவது அதில்தான்.

மார்ச் 10

பூசை முடிந்து அண்ணன் சின்னையன் படத்துக்கு அர்த்தம் கேட்டான். சுற்றி ஆறு பேர். அவனுக்குக் கல்யாணமாகி ஏழாம் மாதமே குழந்தை. ஊர் இன்னும் விரல்விட்டு எண்ணுகிறது. நான் யோசிக்கவில்லை. யோசித்தேனா? "புள்ள அவருது இல்ல. அதான் ஓரமா இருட்டுல நிக்க வச்சிட்டான்" என்றேன். சிரித்தார்கள். அதில் ஒருவன், ராமதாஸ், என் அண்ணனின் தோளில் தட்டினான்: "இன்னா சூசையப்பரே, வூட்ல சௌக்கியமா?"

அண்ணன் சிரிக்கவில்லை.

மார்ச் 12

அண்ணி சந்திரம்மா சாப்பிடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணன் குரல்: "தம்பி படிச்சவன். சும்மாவா சொல்லுவான்?"

மார்ச் 13

அண்ணன் இல்லை. அவன் சட்டை இரண்டும் இல்லை.

மார்ச் 16

டியூப்லைட் மாட்ட ஏணி ஏறினேன். படத்தில் கை பட்டது, விரலெல்லாம் கறுப்பு. மெழுகுவத்திப் புகை! தட்டு இருப்பது அந்த மூலைக்கு நேர் கீழே. எத்தனை வருஷத்துப் புகையோ.

சாமியாரைக் கேட்டுவிட்டு ஈரப் பஞ்சால் மெதுவாகத் துடைத்தேன். தோள் வந்தது. முழங்கை வந்தது. பிறகு கை. குழந்தை நிற்பதே அந்த உள்ளங்கையில்தான். தாய் பிடித்திருப்பது வெறும் துணியை. பாரம் மொத்தமும் அவர்மேல். குழந்தை பார்ப்பதும் அவரைத்தான்.

பாரம் என்றதும் — பாப்பா பிறந்தபோது எடை மூன்றே முக்கால் பவுண்டு. குறைமாசம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அந்தச் சீட்டை வாங்கிப் படித்தவனே நான்தான். லோடு கணக்குப் போடத் தெரிந்த மடையன்.

மார்ச் 18

மீன் லாரிக்காரர் துப்புக் கொடுத்தார். காசிமேட்டில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான் அண்ணன். படத்திலிருந்த கையைச் சொன்னேன், பாப்பாவின் எடையைச் சொன்னேன். சம்மட்டி நிற்கவில்லை. "படத்தத் தொடச்சிட்ட. அந்த ஆறு பேரு வாயத் தொடப்பியா? போடா டேய்."

மார்ச் 19

எட்டு பல்பும் எரிந்தன. ஞானஸ்நானம் நடக்கவில்லை. விடிந்ததும் அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குத் திருப்போரூர் பஸ் ஏறிவிட்டாள். "உன் படிப்பு உன்கிட்டயே கெடக்கட்டும்" — அவ்வளவுதான் சொன்னாள்.

இனி:

1. ஞாயிற்றுக்கிழமை அந்த ஆறு பேரையும் படத்தடியில் நிறுத்தி, நான் சொன்னது தப்பு என்று சொல்வது. சிரித்தால் சிரிக்கட்டும்.
2. ஆஸ்பத்திரிச் சீட்டோடு மறுபடி காசிமேடு. உதைத்தாலும் சரி.
3. திருப்போரூரில் அண்ணி வாசலில் போய் நிற்பது. கதவு திறக்காவிட்டாலும்.
4. மெழுகுவத்தித் தட்டை நாலடி தள்ளி வைப்பது. இது ஒன்றை மட்டும் இன்றே முடித்துவிடலாம்.