பெட்டியின் மேல் எழுதியிருந்தது

மார்ச் 2, சனி
ஒரு எழுத்து யானை மாதிரி, அடுத்தது எறும்பு மாதிரி. வரி கீழே சரிகிறது. எழுபத்தோரு வயதுக் கை, மன்னிக்க வேண்டும். வாசிக்கப்போவது நான் மட்டும்தான், இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்.

இன்று சந்தைச் சுவரில் எழுதியிருந்ததை நானே வாசித்தேன்: ‘இங்கே சிறுநீர் கழிக்காதே.’ இத்தனை வருஷமாக அங்கேதான் கழித்து வந்திருக்கிறேன்! வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 9
தேவாலயத்து எழுத்து வகுப்பில் என் பக்கத்தில் எஸ்நாட் கபாசோ. தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்து அடுக்கியவள். மூளையில் கட்டி வந்து, கதிர்வீச்சு கொடுத்த பிறகு எழுத்தெல்லாம் கலைந்துபோனதாம். நாற்பத்து நான்கு வயதில் மறுபடி முதலிலிருந்து படிக்கிறாள்.

அவள் பெம்பா, நான் ங்கோனி. பார்த்த உடனே ஆரம்பித்துவிட்டாள். “எலி தின்னி தாத்தா, தள்ளி உட்காருங்க. எழுத்தையும் எலின்னு கடிச்சிடப் போறீங்க.”

“குரங்கு தின்னிக்கு எழுத்து எதுக்கு? மரத்துல ஏறு போ.”

வகுப்பே சிரித்தது. எங்கள் இரண்டு இனமும் எதைச் சொன்னாலும் ஒருவரை ஒருவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அது வழக்கம்.

மார்ச் 13
பழைய ஐஸ் பெட்டியைத் துடைத்தேன். மருத்துவமனையில் சாமான் சுமப்பவனாக இருந்தேன். ஓய்வுபெற்றபோது கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி வந்தேன், மீன் வைக்க. மூடியில் தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது, மேல்பாதி ஆங்கிலம், கீழ்ப்பாதி வகுப்பில் நான் படிக்கும் நியாஞ்சா மொழியில். வாசிக்க ஒரு மணி நேரம் ஆனது.

‘கால் மணிக்குள் ஆய்வகம் சேர்க்கவும். வழியில் நிற்காதே. தாமதித்தால் உள்ளே இருப்பது பயன்படாது.’

நர்ஸ்கள் ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்பார்கள். சோற்றுத் தட்டுக்கும் அதைத்தான் சொல்வார்கள்.

மார்ச் 16
எஸ்நாட்டிடம் சும்மாதான் கேட்டேன், கதிர்வீச்சு கட்டாயம் கொடுக்க வேண்டியிருந்ததா என்று.

“யாருக்குத் தெரியும் தாத்தா? கட்டிக்குள்ள எந்த மரபணு முழிச்சிருக்கு, எது தூங்குதுன்னு பார்ப்பாங்களாம். அதை வச்சு, திரும்ப வர்ற கட்டியா, சும்மா கிடக்கிற கட்டியான்னு சொல்லிடுவாங்களாம். என் கட்டியில வெட்டின துண்டு மட்டும் ஆய்வகம் போய்ச் சேர்றதுக்குள்ள கெட்டுப் போச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு கதிர் வச்சாங்க.”

எப்போது என்றேன்.

“ஆம்புலன்ஸ் ஓட்டின முவாலே செத்த அன்னிக்கு. படுத்திருக்கும்போது வெளியே அழுகைச் சத்தம். எனக்குத்தான் அழறாங்கன்னு நினைச்சேன்!”

சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 17
முவாலே செத்த அன்று அறுவை அறையிலிருந்து ஒரே ஒரு பெட்டிதான் வந்தது. தூக்கியவன் நான்.

பிணவறை வாசலில் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முவாலேயின் மனைவி என்னைப் பார்த்துவிட்டாள். துக்கத்தில் இருப்பவர்களோடு உட்காராமல் எப்படிக் கடந்து போவது? உட்கார்ந்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. முக்கால் மணி இருக்குமா? அதற்கும் மேலா? பக்கத்தில் ஒருத்தி மயங்கினாள். பெட்டியைத் திறந்து ஐஸ் எடுத்து நெற்றியில் வைத்தேன். நல்ல மனுஷன் என்றார்கள்.

நல்ல மனுஷன்.

மார்ச் 18
வாசிக்கக் கற்காமலே இருந்திருக்கலாமோ?

மார்ச் 19
இல்லை. நேற்று அதை எழுதிவிட்டு ரொட்டி உறையில் இருந்த எல்லாவற்றையும் வாசித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதுதான் வெட்கம்.

மார்ச் 23
சொல்லிவிட்டேன். சொன்ன விதம்தான் சரியில்லை.

கேலி நடந்துகொண்டிருந்தது. அதே குரலில் சொன்னேன்: “கேளு குரங்கு தின்னி, உன் துண்டைக் கெடுத்ததே இந்த எலி தின்னிதான். பிணவறை வாசல்ல உட்கார்ந்து உன் ஐஸை எடுத்து இன்னொருத்திக்கு வச்சேன்.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்தாள்.

“நிஜமாவா?”

தலையாட்டினேன்.

நோட்டை மூடினாள். போய்விட்டாள். கோபப்படக் கூடாத இடத்தில் அவளை நிறுத்திவிட்டுச் சொல்லியிருக்கிறேன். ஏன்டா யோனா ஜெரே, உனக்குத் தைரியமே கிடையாதா?

மார்ச் 30
வந்தாள். முழங்கால் மடக்கிக் கைதட்டி, “வணக்கம், ஐயா” என்றாள். பெரியவர்களுக்குச் செய்யும் முறை, ஒரு குறையும் இல்லை. மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்தாள்.

எலி தின்னி என்று திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 6
இன்றும் ஐயா.

ஏப்ரல் 20
வகுப்பு முடிந்ததும் ஒரு உறையை நீட்டினாள். அவளுடைய கட்டியில் வேறொரு துணுக்கை அப்போதே மெழுகில் பதித்து வைத்திருந்தார்களாம். மெழுகிலிருந்தும் பார்க்கும் முறை இப்போது வந்துவிட்டது, அனுப்பிப் பார்த்தார்கள். டாக்டர் விளக்கமாக நியாஞ்சாவில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

“எனக்கு எழுத்து இன்னும் நிக்காம ஓடுது. நீங்க வாசிங்க, ஐயா.”

“ஆசிரியரைக் கேட்கட்டுமா?”

“நீங்கதான் வாசிக்கணும்.”

மரத்தடியில் நின்று ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். கட்டி மெல்ல வளரும் வகை. திரும்பி வரும் வாய்ப்பு மிகக் குறைவு. அவள் கண்ணை மூடி, மூச்சை விட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழே இன்னொரு வரி இருந்தது. அவளுக்குத் தெரியாது. என்னால் விட முடியவில்லை. விரலை வைத்து வாசித்தேன்.

‘இம்முடிவு அன்றே கிடைத்திருந்தால், கதிர்வீச்சு தேவைப்பட்டிருக்காது.’

காகிதத்தை நீட்டினேன். அவள் வாங்காமலே சொன்னாள்: “அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை வாசிங்க.”

வாசித்தேன். இந்தத் தடவை தடுமாறவில்லை.

ஐயா என்று அவள் சொல்லவில்லை. வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. வரும் சனிக்கிழமை எந்த வரிசையில் உட்காருகிறாள் என்று பார்த்து எழுதுகிறேன்.