கிணற்றடியில் மரகதம்

1958 ஆவணி, செவ்வாய் இரவு.

அடுத்த துப்பறியும் கதைக்கு வெடிமருந்து விவரம் கேட்க நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன். கொட்டகையில் பெண்கள் வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் உரக்க வாசித்தாள். அவள் பங்குக் குழாயையும் மற்றவர்களே சுருட்டினார்கள்.

அவள் வாசித்தது என் கதை. எழுத எழுத அச்சேறும் கதை அது. இன்னும் கடைக்கே வரவில்லை. அச்சில் பிசகிய தாள்கள் குழாய் சுருட்ட அங்கே போகின்றனவாம்.

கடைசி அத்தியாயம் நான் இன்னும் எழுதவில்லை. தாள் தீர்ந்ததும் ஒருத்தி கதாநாயகியைப் பற்றிக் கேட்டாள்.

"மரகதத்தைக் கொன்னுருவானோ?"

"மாட்டான். எழுதுறவனுக்கும் பொம்பளப் பிள்ளைக இருக்கும்லா" என்றாள் வாசித்தவள்.

என்னை அங்கே யாருக்கும் தெரியாது. இருக்கன்குடி மாரியம்மன் சன்னதியில் நிற்பவனைப் போல ஓரமாகக் கைகட்டி நின்றேன். வாசித்த தாளில் பசை தடவிச் சுருட்டிவிட்டார்கள். மரகதத்தை மட்டும் விடவில்லை. அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். வந்த காரியத்தைக் கேட்காமலே திரும்பினேன்.

கடைசி அத்தியாயத்தை வாங்கக் காலையில் அச்சகத்து ஆள் வந்துவிடுவான். மரகதம் கிணற்றில் விழுந்து சாவதாகத்தான் பதிப்பாளரோடு பேச்சு. தள்ளப்போகிறவனை அவள் முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியாயிற்று. விளக்கில் எண்ணெய் குறைந்துவிட்டது. அவனுக்கு இன்னும் கை எழவில்லை.