நீங்கள் கண்டுபிடித்த எழுத்து

அக்கா,

நேற்று பெருங்குடியில் மகள் வீட்டில் இருந்தேன். மனித உடலின் புரதங்களையெல்லாம் சேர்த்து வைத்த ஒரு தொகுப்பைப் பேத்தி கணினியில் காட்டினாள். மரபணுவைப் படித்தே இப்போது புரதத்தைத் தெரிந்துகொள்கிறார்களாம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாமாம். இடைவெளியில்லாமல் ஓடிய அந்த ஆங்கில எழுத்துகளைப் பார்த்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் போய் நான்கு வருடமாகிறது.

எழுபதுகளில், அடையாற்று ஆய்வுக்கூடத்தில், புரதங்களைத் தொகுக்கும் அந்த வேலையை நாம் இரண்டு பேர்தான் செய்தோம். இருபது வகை மணிகள் கோத்த மாலை போன்றது புரதம். ஒவ்வொரு வகை மணிக்கும் ஓர் எழுத்து. வெளிநாட்டு இதழ்களில் வந்த வரிசையை நான் வாசிப்பேன், நீங்கள் தட்டச்சு செய்வீர்கள். ஒரே புரதத்தை மனிதன், குதிரை, மாடு என்று ஒவ்வொன்றாக எடுப்போம். வேண்டுமென்று கடிதம் போட்ட கல்லூரிகளுக்கெல்லாம் பிரதி அனுப்புவோம். பட்டினப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடியே, "இன்னைக்கு யாரும்மா, மனுசனா குதிரையா?" என்பீர்கள்.

ஒரு நாள் நடுவில் நிறுத்தினீர்கள்.

"இங்க தப்பு கீதும்மா. குதிரை, மாடு எல்லாத்துக்கும் இந்த எடத்துல ஒரே எழுத்துதான் வந்துச்சு. மனுசனுக்கு மட்டும் மாத்தி சொல்றீங்க."

"மனுஷாளுக்கு மாறும். நீங்க டைப் பண்ணுங்கோ" என்றேன், வெடுக்கென்று.

பிரதிகள் தபாலில் போயின. அடுத்த வாரம் இதழைத் திரும்பப் பார்த்தேன். நான்தான் ஓர் எழுத்தை மாற்றிப் படித்திருந்தேன். சத்தமில்லாமல் அடுத்த பிரதியில் திருத்திவிடலாம் என்றேன். நீங்கள் ஒப்பவில்லை.

"வாங்கினவங்க இத்த நம்பி வேலை செஞ்சிக்கினு இருப்பாங்களே?"

சரியென்று மன்னிப்புக் கடிதத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். 'தட்டச்சுப் பிழையால்' என்றுதான் என் வாயில் வந்தது. உங்கள் விரல்கள் நின்றன. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு அதையும் தட்டினீர்கள்.

எனக்குத்தான் தாங்கவில்லை. தாளை உருவிக் கிழித்தேன். பிழை என்னுடையது, கண்டுபிடித்தவர் எங்கள் தட்டச்சர் என்று, உங்கள் பெயரோடு மறுபடி சொன்னேன்.

"என் பேரு எதுக்கும்மா?"

"நீங்கதானே கண்டுபிடிச்சேள்."

சொந்தப் பெயரை மட்டும் இரண்டு தடவை தப்பாகத் தட்டினீர்கள். சாயங்காலம் ஒரு கார்பன் பிரதியைக் கேட்டு வாங்கி, கசங்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பஸ் ஏறினீர்கள்.

அதன்பின் யார் "தப்பு" என்று சொன்னாலும், பதில் சொல்லுமுன் மூலத்தை எடுத்துப் பார்த்துவிடுவேன். அது உங்களிடமிருந்து வந்த பழக்கம்.

ஆனால் அக்கா, அன்று கல்லூரிகளிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தைத் தட்டிய உங்களிடம் கேட்கவில்லை. அந்த மன்னிப்பு இன்னும் என்னிடமே இருக்கிறது.