லட்சத்துக்கு ஒருவர்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. என் மேல் உள்ள கோபம்தான் குறையவில்லை. போனில் சொன்னால் "சரி சரி" என்று பாதியிலேயே வெட்டிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போன வருடம் வேர்க்கடலை பிஸ்கட் தின்று உன் வாண்டுக்கு உதடு வீங்கியபோது, மறுபடி வந்தால் உடனே போட அவசர ஊசி வாங்கி வைக்கச் சொன்னார் டாக்டர். வாங்கத்தான் வேண்டுமா என்று நீ என்னைக் கேட்டாய். ஆஸ்பத்திரிப் பதிவறையில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன் என்ற தெம்பில் சொன்னேன்: "மூணு லட்சம் பேர் இருக்கிற ஊர்ல வருஷத்துக்கு மூணு பேர்தான் இப்படி வர்றாங்க. லட்சத்துக்கு ஒருத்தர். விடு." நீயும் விட்டுவிட்டாய்.

இந்த மாதம் மேலிடத்திலிருந்து அதே கேள்வி வந்தது. உணவு ஒவ்வாமையால் உயிருக்கே ஆபத்தாகி வந்தவர்கள் எத்தனை பேர்? பழைய எண்ணையே எழுதினேன். அவசரப் பிரிவு நர்ஸ் பார்த்துவிட்டுச் சிரித்தார். போன மாதம் மட்டும் இரண்டு பேருக்கு அவரே ஊசி போட்டாராம். பதிவேட்டில் தேடினால் ஒருவர் 'மூச்சுத் திணறல்', மற்றவர் 'மயக்கம்'. பதிவு எழுதும் பெண்ணைக் கேட்டேன். "வாசல்ல என்ன சொல்றாங்களோ அதை மட்டும் எழுதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றாள். உண்மைதான். ஒருவருக்கு ஒரு வரி, பிறகு திருத்தக் கூடாது என்ற விதி என்னுடையது. அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேடு என்று அதற்குப் பாராட்டு வேறு வாங்கியிருக்கிறேன்.

மூச்சுத் திணறல், மயக்கம், ஆஸ்துமா என்று இருந்தவர்களின் மூன்று வருடத்துச் சிகிச்சைத் தாள்களைப் பதினொரு நாள் பிரித்துப் படித்தேன். என் கணக்கில் இருந்த ஒன்பது பேர் அறுபத்தொரு பேர் ஆனார்கள். வருடத்துக்கு, லட்சத்துக்கு ஏழு பேர். வீட்டிலேயே மாத்திரை விழுங்கிச் சமாளித்தவர்கள் இதில் இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நான் தொட்டது பக்கத்துப் பானை.

அதைவிடப் பெரிய தவறு இன்னொன்று. அந்த லட்சத்தில் பெரும்பாலோர் எதைத் தின்றாலும் ஒன்றும் ஆகாதவர்கள். ஏற்கெனவே உதடு வீங்கிய பிள்ளைக்கு அந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. இது எனக்கு அன்றே உறைத்திருக்க வேண்டும். "அண்ணனா ஊசி வாங்கிக் குடுத்திருக்கணும், கணக்கையா குடுப்பாங்க?" என்கிறாள் உன் அண்ணி.

அறுபத்தொரு பேரில் ஒரு பையன் வீடு திரும்பவில்லை. வயது ஆறு. பள்ளியில் நண்பன் கொடுத்த கேக். முதல் தடவை லேசாகத்தான் வந்தது என்று வீட்டில் ஊசி வாங்கவில்லையாம். பதிவேட்டில் 'ஆஸ்துமா' என்று இருக்கிறது, கீழே என் கையெழுத்து. படித்ததிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது.

அடுத்த மாதம் வாண்டு பள்ளிக்குப் போகிறான் என்றாய். அதற்குள் டாக்டரைப் பார். இரண்டு ஊசி வாங்கு; ஒன்று அவன் பையில், ஒன்று டீச்சரிடம். போடும் முறையை மாப்பிள்ளையும் கற்றுக்கொள்ளட்டும். உன் அண்ணன் அன்று வேறு மாதிரி சொன்னாரே என்று அவர் இழுத்தால், சொன்னவனுக்குத் தெரியவில்லை என்று இந்தக் கடிதத்தைக் காட்டு.

மருமகன் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். எந்த ஊர்ப் பதிவறையிலும் எவரும் அவனை எண்ண நேராதிருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்