ஏரியில் பிடிக்காத கெண்டை

செவ்வாய், ஆனி 9

பண்ணைக் கெண்டைகளோடு மரபணுவை ஒப்பிட, தானாக வளர்ந்த ஏரிக் கெண்டை ஒன்று வேண்டியிருந்தது. வடக்குப்பட்டு ஏரியில் மூன்று வாரம் தேடியும் சிக்கவில்லை. போன மாதம் என் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து, வாளியில் உயிரோடு ஒரு கெண்டை கொண்டுவந்தார். ஏரியில் வலை போட்டவர்கள் கொடுத்ததாகச் சொன்னார். துடுப்பில் ஒரு துணுக்கு வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினேன். மீதி குழம்பானது.

இன்று முடிவு வந்தது. அந்த மீனும் நான் முன்பே சோதித்த தண்டலம் பண்ணை மீன்களும் கூடப்பிறந்தவை. சாப்பிடும்போது இவரிடம் கேட்டேன். தட்டையே பார்த்தார்.

"அந்தப் பண்ணைலதான் வாங்கினேன். நீ டெய்லி மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு இருந்த. இன்னா பண்றது? ரெண்டும் கெண்டதானேன்னு நெனச்சேன்."

கத்தத்தான் வாயைத் திறந்தேன். "அவ்வளவு தூரம் வாளிய எப்படிக் கொண்டாந்தீங்க?" என்றுதான் வந்தது.

"பைக் டேங்க் மேல வெச்சி, ஒரு கையால புடிச்சிக்கினு வந்தேன். செத்துட்டா நீ அழுவியே."

நாளை அந்த மீனைப் பட்டியலிலிருந்து அடிக்க வேண்டும். காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. 'பண்ணை மீன்' என்று எழுதினால் போதும். மீதியை ஆய்வகத்தாருக்கு ஏன் சொல்ல வேண்டும்?