அப்பா இன்று 3,804 அடி நடந்தார்

நவம்பர் 6, செவ்வாய்

அன்பு மகன் இசாமுவுக்கு,

உன் அறைக்கும் சமையலறைக்கும் நடுவே பதினான்கு படிதான் இருக்கிறது. அதற்கு ஒரு கடிதமா என்று சிரிக்காதே. கதவுக்கு வெளியே நின்று பேசினால் பாட்டின் சத்தத்தைக் கூட்டிவிடுகிறாய். காகிதத்திடம் அந்த வேலை நடக்காது. கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன், படி.

குளிர் வந்துவிட்டது. மண்ணெண்ணெய்க் கணப்படுப்பை உன் வாசலில் வைத்திருக்கிறேன், உள்ளே இழுத்துக்கொள். நேற்று கானாங்கெளுத்தி மீனின் தோலை மட்டும் தட்டில் விட்டிருந்தாய். ருசியே அதில்தான், மக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பா வாங்கிய நடை விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? கொழுப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் பயமுறுத்திய மறுநாளே அந்தக் கையடக்கப் பெட்டியோடும் இரண்டு மீட்டரோடும் வந்து நின்றாரே, அதுதான். இடுப்பில் மாட்டிக்கொண்டால் மீட்டர் அடி எண்ணும். பெட்டிக்கு நேரே நீட்டி அழுத்தினால் அன்றைய கணக்கு ஏறும். வெள்ளை என்னுடையது, நீலம் அவருடையது. நான் இன்றும் மாட்டுகிறேன். பெந்தோ சாப்பாட்டுப் பெட்டி கட்டும் கூடத்தில் எண்ணெய்ச் சட்டிக்கும் மேஜைக்கும் அலைந்தே ஒன்பதாயிரம் அடி ஆகிவிடும். ‘ஃபுமியே அக்கா, இப்படியே நேரா நடந்திருந்தா இந்நேரம் டோக்கியோ போயிருப்பீங்க’ என்று கூட வேலை செய்யும் ஹோரியே கேலி செய்வாள்.

நீல மீட்டர் அப்பா போனதிலிருந்து வாசல் அலமாரியில், சாவிக் கிண்ணத்தில்தான் கிடக்கிறது. இன்று மாலை குடையைத் தேடும்போது கையில் பட்டது. விளக்கு மினுங்கியது. அதன் பாட்டரி எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். என்னவோ தோன்றி, பெட்டிக்கு நேரே நீட்டி அழுத்தினேன். அப்பாவின் பொம்மை முகம் திரையில் எழுந்து கையசைத்தது. நீ மூக்கைப் பெரிதாக வைத்துச் செய்த அதே முகம். கீழே எழுத்து ஓடியது: ‘அப்பா இன்று 3,804 அடி நடந்தார். சபாஷ்.’

பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிறகு புத்தர் மாடத்தில் அவர் படத்துக்கு ஊதுவத்தி ஏற்றி, ‘எங்கங்க போனீங்க?’ என்று கேட்டேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள், பரவாயில்லை. உனக்கு ஏதாவது தெரிந்தால் தட்டில் ஒரு துண்டுச் சீட்டு வை.

பயந்துபோயிருக்கும்,
அம்மா


நவம்பர் 14, புதன்

இசாமு,

தட்டு வந்தது, சீட்டு வரவில்லை. போகட்டும். இந்த முறை மீன் தோலைச் சாப்பிட்டிருக்கிறாய்.

நான் வேலைக்குப் போகும் நாளெல்லாம் அப்பா நடக்கிறார். ஒவ்வொரு மாலையும் அதே முகம், அதே சபாஷ், அதே 3,804. ஒரு அடி கூடவில்லை, குறையவில்லை. ஹோரியேயிடம் சொன்னேன். அவள் வறுத்துக்கொண்டிருந்த இறாலைக் கீழே போட்டுவிட்டு, ‘கோயில்ல சொல்லி ஒரு பூஜை பண்ணிடுங்கக்கா’ என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, ‘ஆமா, ஷூவைப் பாத்தீங்களா? ஆவின்னா ஷூ எதுக்கு?’ என்றாள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அலமாரியைத் திறந்தேன். அப்பாவின் பழுப்பு ஷூவின் அடியில் ஈர மண்.

அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். உன்னுடைய ஷூ பதினைந்து வயதில் வாங்கியது, அது எப்படிப் பத்தும்? என் பிள்ளை நான் இல்லாத நேரத்தில் வெளியே போகிறான், வெயிலைப் பார்க்கிறான். வேறென்ன வேண்டும் எனக்கு?

அத்தோடு பெட்டியை மூடியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன். புத்தி கேட்கவில்லை. அதில் ஒவ்வொரு நாளும் ஒரு நீளப் பட்டையாகத் தெரியும் அல்லவா, நடந்த நிமிடமெல்லாம் நிறமாக, நின்ற நிமிடமெல்லாம் வெறுமையாக? அப்பாவின் கடைசி நாளைத் தேடி எடுத்தேன். 2009 மார்ச் 15, ஞாயிறு. ஒரே ஒரு நிறப்பட்டை, 1,902 அடி. அதற்குப் பிறகு வெறுமை. உன்னுடையதில் போகும்போது 1,902, திரும்பும்போது 1,902. உன் கால் அவருடையதைவிட நீளம், இசாமு. அவர் வைத்த அடியையே நீ எப்படி வைக்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை. படித்தபோது முதுகில் யாரோ கை வைத்தது போல இருந்தது.

போவதும் வருவதும் எனக்குப் பயமில்லை. நடுவில் இருக்கும் வெறுமைதான் பயம். முதல் நாள் பதினொரு நிமிடம். வெள்ளிக்கிழமை பத்தொன்பது. நேற்று முப்பத்துநான்கு. அப்பா மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்த அந்த மதகின்மேல் நின்று, கீழே தண்ணீரைப் பார்த்து அவ்வளவு நேரம் என்ன செய்கிறாய்? கூடத்தில் ஒரு மணி ஆனால் எனக்குக் கை ஓடுவதில்லை. மாலையில் மீட்டரை நீட்டும்போது, திரும்பி வந்த பட்டை தெரியும்வரை மூச்சு விடுவதில்லை.

கையில் உயிரைப் பிடித்திருக்கும்,
அம்மா


நவம்பர் 22, வியாழன்

என் கண்ணே இசாமு,

இன்று பொய் சொல்லி அரை நாள் லீவு போட்டேன். பல் வலி என்றேன். மதகுக்குப் பக்கத்தில் பம்ப் அறை இருக்கிறதே, அதற்குப் பின்னால் நின்றேன். ஒரு மணி பத்து நிமிடத்துக்கு ஆற்றங்கரை மேட்டில் உன் அப்பா வந்தார். அவருடைய சாம்பல் கோட்டு, அந்த ஷூ, வலது தோளைக் கொஞ்சம் தாழ்த்தும் நடை. பம்ப் அறைச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். நீ திரும்பியபோதுதான் தாடி தெரிந்தது. மூன்றரை வருடம் கழித்து உன் முகத்தைப் பார்த்தேன். இளைத்திருக்கிறாய்.

நீ மதகின் கைப்பிடிக் கம்பியில், கீழ்ச்சட்டத்தில் ஒரு காலை வைத்து நின்றாய். கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டு, நீ திடுக்கிட்டுவிட்டால்? நாற்பத்தொரு நிமிடம். உன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒளிந்து பார்த்தது தப்புதான், மன்னித்துவிடு.

நீ என்ன சொல்லிக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியும். அந்த மார்ச் ஞாயிறு காலை அப்பா கீழேயிருந்து, ‘டேய், மதகு வரைக்கும் வாடா, ரெண்டு பேரும் நடந்துட்டு வரலாம்’ என்றார். நீ மேலேயிருந்து, ‘தனியாப் போய்த் தொலைங்க’ என்றாய். அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அறைக்குள் கிடக்கிறாய்.

நான் யாரிடமும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். உன்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவர் என்னைத்தான் கூப்பிட்டார். ‘துணிய யாரு காயப்போடுறது? உங்களுக்கு வேற வேலை இல்ல’ என்றேன். பிறகு வாசலில் ஷூ போட்டுக்கொண்டு, ‘போய்ட்டு வரேன்’ என்றார். வீட்டில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டுமல்லவா? நான் சொல்லவில்லை. அவர் இன்னொரு தடவை சொன்னார். நன்றாகக் காதில் விழுந்தது. என் வாயில் துணி கிளிப் இருந்தது. அதை எடுத்துவிட்டு இரண்டு வார்த்தை சொல்லச் சோம்பல் பட்டேன், இசாமு. கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மார்பு வலி என் சொல்லாலும் வரவில்லை, உன் சொல்லாலும் வரவில்லை. டாக்டர் தெளிவாகச் சொன்னார். ஆனாலும் பாரம் பாரம்தான். அதை நீ மட்டும் சுமக்க இத்தனை நாள் விட்டுவைத்தேனே, அதுதான் நான் உனக்குச் செய்த பெரிய அநியாயம்.

நாளை அரசு விடுமுறை, கூடம் மூடியிருக்கும். மதியம் நான் வீட்டில் இருப்பேன். அதற்காக நீ போகாமல் இருந்துவிடாதே. வழக்கம்போல இறங்கி வா. சமையலறைக் கதவைச் சாத்தி வைத்திருப்பேன், எட்டிப் பார்க்க மாட்டேன். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். வாசல் கதவு திறக்கும்போது நான் சொல்வேன், அன்று சொல்லாததையும் சேர்த்து. தைரியம் போய்விட்டால் என்ன செய்வது என்று இங்கேயும் ஒரு தடவை எழுதி வைக்கிறேன்.

போய்ட்டு வா, கண்ணா.

அம்மா