மூன்று எண்ணும் வரை

தை 19, வெள்ளி

மைனஸ் 24. பஸ் தரிப்பில் கண்ணீர்கூட உறைந்தது.

நான் வேலை செய்கிற எஸ்தர் வீட்டில் பொழுதுபட முதல் முடித்தவை: குளியலறை லைட்டைப் போட்டு சுவிச்சுக்கு மேல் டேப். சூப் சூட்டுத் தட்டில். கழிவறைக் கடதாசி கிழித்து அடுக்கியது. எஸ்தர் யூதர்; வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி இருட்டும் வரை அவர்களுக்கு ஓய்வுநாள், கடதாசி கிழிக்கவும் கூடாது.

"உங்கட கடவுள் கடதாசியையும் எண்ணுறாரா?" என்று கேட்டேன்.

"எண்ணுறார். நீ குறைய வைச்சா கஷ்டம் எனக்குத்தான்."

எண்பத்திரண்டு வயது. வாய் மட்டும் இருபது. இங்கிலிசில்தான் சொல்வார், நான் என் பேச்சில் எழுதுகிறேன்.

அவருடைய தம்பி சாம் செவ்வாயிலிருந்து ஆஸ்பத்திரியில். நெஞ்சு. ஆறு வருசமாக சனி பின்னேரம் நடந்தே வந்து ஓய்வுநாளை வழியனுப்புகிறவர் அவர்தான். வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிய வேண்டும். பிறகு கிண்ணம் வழிய வழிய திராட்சை ரசம். முகர்வதற்குக் கராம்பு. பின்னிய மெழுகுதிரி, அந்த வெளிச்சத்தில் நகத்தைப் பார்ப்பார்கள். கடைசியில் திரியை ரசத்தில் அணைப்பது. ஸ்ஸ். கராம்பு எதற்கு என்றால், ஓய்வுநாளுக்கென்று வந்த இன்னொரு உயிர் திரும்பிப் போகிறதாம். ஆள் சோர்ந்து போகாமல் இருக்க.

முதல் வருசம் உதவி செய்கிறேன் என்று பொழுதுபட முதலே திரியைக் கொளுத்தி வைத்தேன். சாம் விழுந்து விழுந்து சிரித்தார். நான் நேரத்துக்கு முதல் கொளுத்திய நெருப்பு அவர்களுக்குச் சரிவராதாம். பிறகு புதிதாக அவரே கொளுத்தி, பிடிக்க என்னிடம் தந்தார்.

"உயத்திப் பிடி ராசம். அந்த உயரத்துக்கு மாப்பிள்ளை கிடைக்கும்."

"கிடைச்சவர் அஞ்சடி. இனி உயத்தி என்ன செய்ய?"

ஒவ்வொரு சனியும் இதே பகிடி.

தை 20, சனி

மைனஸ் 21. மேகமே இல்லை.

ஓய்வுநாளில் எஸ்தர் என்னிடம் எதையும் நேரே கேட்கமாட்டார். "இருட்டா இருக்கு" என்பார், நான் லைட் போடுவேன். "குளிருது" என்றால் ஹீட்டர்.

ஒரு மணிபோல போன் அடித்தது. நின்றது. திரும்ப அடித்தது. அவர் "போன் அடிக்குது" என்று சொல்லவில்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தரம் நானாகவே எடுத்தேன்.

சாமின் மகன், டொரோண்டோவில் இருந்து. "அப்பா காலமை போயிட்டார். மாமிக்கு இப்ப சொல்லாதீங்க. ஓய்வுநாளில கெட்ட செய்தி சொல்றதில்ல. முடிஞ்ச பிறகு சொல்லுங்க."

திரும்பி வந்தேன்.

"ஆரு?"

"றோங் நம்பர்."

"மூண்டு தரமுமா?"

"ஓம். விடாக்கண்டன்."

சிரித்தார். சூப் குடித்தோம். கையில் கரண்டி இருந்தது தெரிந்தது, ருசி தெரியவில்லை. பகிடி ஒன்று சொல்லப் பார்த்தேன். வரவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஐந்தரைக்கு யன்னலடியில் இருவரும். மின்கம்பத்துக்கு மேல் ஒன்று. முன்வீட்டுக் கூரையில் ஒன்று. தேவாலயக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒன்று.

"மூண்டு" என்றேன்.

"ரெண்டு. மற்றது டோர்வலுக்கு இறங்குற பிளேன்."

டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர் என் மனுசன். பிளேன் எது என்று எனக்குத் தெரியும். அது அசையவே இல்லை.

"ஓம், பிளேன்தான்" என்றேன்.

முன்வீட்டில் லைட் வந்தது. பக்கத்து வீட்டில் கார் ஸ்டார்ட் செய்தார்கள். தெரு முழுக்க ஓய்வுநாள் முடிந்துவிட்டது, எங்களுக்கு மட்டும் முடியவில்லை. இருட்டா இருக்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் போடவில்லை.

ஆறேகால்.

"இப்ப எத்தினை பிளேன்?" என்றார்.

"இனி எண்ணேலாது."

ஓய்வுநாளை முடிக்கிற வரியை வாய்க்குள் முணுமுணுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சொல்லு ராசம். சாமா?"

"ஓம்."

பழக்கத்தில் மெழுகுதிரி எடுக்க லாச்சியைத் திறந்தேன்.

"வேணாம். தம்பிய அடக்கம் பண்ணுற வரைக்கும் எனக்கு அது இல்ல."

லாச்சியை மூடினேன்.

தை 21, ஞாயிறு

மைனஸ் 19. அடக்கம் பதினொரு மணிக்கு. மண் உறைந்து கல். மெஷின் வைத்துக் கிண்டியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் எஸ்தர் துக்கம் காக்கிறவர்களுக்கான குட்டைக் கதிரையில் இருந்தார். அவித்த முட்டை பாதி. பிறகு ரசப் போத்தலை எடுத்து, சாம் சொல்கிறதைத் தானே சொன்னார். திரி இல்லை, கராம்பு இல்லை. அவை இரண்டும் சனி இரவுக்கு மட்டுமாம். ரசத்தோடு சொல்கிறதை மட்டும் செவ்வாய் வரை சொல்லலாமாம்.

கிண்ணம் வழியவில்லை. சாம் ஊற்றினால் மேசைத்துணி நனையும், நான் ஏசி ஏசித் தோய்ப்பேன். இன்றைக்குத் துணி சுத்தம். மடித்து வைத்தேன்.

இரவு என் வீட்டில் மனுசன்: "என்ன புள்ள, ரெண்டு நாளா என்னக் கட்டையன் எண்டு சொல்லல்ல. சுகமில்லையா?"

"சோத்தத் தின்னுங்க."

அழுகை வருமோ என்று பார்த்தேன். வரவில்லை. பாத்திரம் கழுவினேன். சட்டி ஒன்று அடிப்பிடித்து.

தை 23, செவ்வாய்

மைனஸ் 12, சினோ கொட்டுகிறது. வாங்க: பால், முட்டை, வாசல்படிக்கு உப்பு.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் மூன்று மணிக்குள் போய்விட்டார்கள். எஸ்தர் அதே குட்டைக் கதிரையில். சுவிச் அவருடைய தோளுக்குப் பக்கத்தில், கையை நீட்டினால் எட்டும். செவ்வாய்க்கிழமை. எந்தச் சுவிச்சையும் தொடலாம்.

"இருட்டா இருக்கு" என்றார்.

பகிடி ஒன்று வாய்வரை வந்தது. எழும்பிப் போய் லைட்டைப் போட்டேன்.